தெப்பக்குளத்தில் ஆறு பேர்

ஹலோ... ஹலோ, யாரு?... ஆமா, பட்டாபிராமன் வீடுதான். சாவித்ரி பேசறேன்... யாரு?... மேவிஸா! அடிப்பாவி, குரலே தெரியலையே! பாளையங்கோட்டைத் தண்ணி பட்டதும் தொண்டை மாறிடுத்தா?... ஓ, கல்யாண வீட்டுல கத்திக் கத்தியா... சரி சரி. ஃபேபியோலா கல்யாணம் நன்னா நடந்துதா?... ம்... ம்... பிரியாணி பத்தலையா? ஐயையோ... மாப்பிள்ளை வீட்டுக்காராளுக்கா பத்தலை? அப்போ உன் ஆத்துக்காரர் நார்மன் தலையைத்தான் உருட்டியிருப்பா, தாய்மாமனாச்சே...

எப்போ திரும்பி வரேள் ரெண்டு பேரும்?... அடுத்த புதனா... சரி, வாங்கோ வாங்கோ. எதிர் வீடு பூட்டியே கிடக்கறது, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை...

மீனா? மீனுக்கென்ன, ஆறும் ராஜாவாட்டம் இருக்கு... ஆமா, ஆமா... எங்காத்து ஹால்லதான். நார்மன் தூக்கிண்டு வந்து வச்ச அதே ஜன்னல் பக்கத்துலதான். ஒரு அங்குலம் நகத்தலை. நகத்தக் கூடாதுன்னு பேப்பர்ல மூணு கோடு போட்டு எழுதியிருக்கியே, அப்புறம் நகத்துவேனா?

கொலுவைத்தான் நகத்தினோம்.

கொலுடி! நவராத்திரி கொலு. வருஷாவருஷம் டிவி பக்கத்துல படி கட்டுவோமே, இந்தத் தரம் ஜன்னல் பக்கம் கட்டிட்டோம். ஏழு படி. படிக்குக் கீழ பார்க்கு. பார்க்குக்கு நடுவுல உன் தொட்டி... ஏன் சிரிக்கற? தெப்பக்குளம்டி! மத்தவாத்துல தாம்பாளத்துல தண்ணியை ஊத்தி பிளாஸ்டிக் வாத்து விடுவா. நம்மாத்துல நிஜக் குளம், நிஜ மீன்! தெர்மகோல்ல குட்டித் தெப்பம் பண்ணி, பெருமாள் தாயாரை ஏத்தி மிதக்க விட்டிருக்கேன். சுத்தி சீரியல் செட். சேப்பு, பச்சை, மாத்தி மாத்தி எரியறது. பாக்கக் கண்ணு கோடி வேணும்...

இன்னிக்குத்தான் போட்டி. மகளிர் குழு கொலுப் போட்டி. ஆறு மணிக்கு பாலாம்பாள் மாமி வரா, கூட ரெண்டு ஜட்ஜ்... ஆமா, அவளேதான். லிஃப்ட்ல ஏறினா எல்லாரையும் எண்ணிப் பாப்பாளே, அந்த மாமிதான். ரெண்டு வருஷமா மகர்பட்டா வைஷு அம்மாதான் முதல் பரிசு. எனக்கு ஆறுதல் பரிசு, ரெண்டு வருஷமும் டிபன் கேரியர். எனக்கெதுக்குடி ரெண்டு டிபன் கேரியர்? போன வருஷம் அவ இருக்கற அந்த மகர்பட்டா ஐ.டி. பேட்டையையே கொலுல கட்டிட்டா. டவர் டவரா, உள்ள லைட்டு. செட்டியார் பொம்மை முன்னாடி குட்டிக் கம்ப்யூட்டர்! பருப்பு மூட்டையெல்லாம் போச்சு... நீ சிரி. எனக்கு வயிறெரிஞ்சுது.

இந்த வருஷம் நான் விடறதா இல்லை. அந்தத் தொட்டிக் கண்ணாடி எப்படி மின்னறதுங்கற? அமாவாசை அன்னிக்கு, கொலு வைக்கறதுக்கு முன்னாடி, நானே உக்காந்து தேய்ச்சேன். ரெண்டு மணி நேரம். என்னா பாசி! பச்சைப் பசேல்னு, உள்ள இருக்கறது மீனா பாம்பான்னே தெரியலை. வீட்டு வேலைக்கு வர பாயி தொட மாட்டேன்னுட்டா. அதான் நானே தேங்கா நாரை எடுத்து...

ஹலோ?... மேவிஸ்?... என்ன கேக்கற?

சோப்பா? சேச்சே, சோப்பெல்லாம் போடலை. வெறும் நார்... தண்ணி ரெண்டு மக்குதான் எடுத்தேன். முதல் நாளே பக்கெட்டுல பிடிச்சு வச்ச தண்ணியைத்தான் ஊத்தினேன், நீ எழுதினபடியே... எல்லாப் பக்கமும்தான். நாலு பக்கமும். கல்லு, கட்டை, எல்லாத்தையும் வெளில எடுத்து இவரோட பழைய பிரஷ்ஷால தேய்ச்சு... பின்ன? ஒரு வேலையை எடுத்தா அரைகுறையா விடுவேனா?

என்ன?... கத்தாதே, நிதானமா சொல்லு... அந்தப் பாசிதான்... அதுதான்... சாப்பாடா?

இல்லடி, பாசி தின்னும்னு தெரியும், நீ சொல்லியிருக்கே... நான் அது ஏதோ நொறுக்குத் தீனி மாதிரின்னு... எப்பப் பார்த்தாலும் கண்ணாடில வாயை வச்சுண்டு ஒட்டிண்டிருக்கும், அது சுபாவம்னு நினைச்சேன்... மூணு வேளையும் அதுதானா?... அப்போ நான் ரெண்டு மணி நேரம் உக்காந்து அதுகளோட சோத்துப் பானையையா தேய்ச்சுக் கவுத்தேன்!

நீயும் சரியா எழுதலையே மேவிஸ். 'சாப்பாடு போட வேண்டாம், தானே பார்த்துக்கொள்ளும்'னு எழுதியிருக்கே. வீட்டுக்கு வந்திருக்கறவாளுக்கு சாப்பாடு போட வேண்டாம்னா, சுத்தமாவாவது வச்சுப்போமேன்னு எனக்குத் தோணாதா?... சரி சரி, சண்டை போடலை... சொல்லு.

வில்லையா?... அவசரத்துக்குப் போட நீ குடுத்த பச்சை டப்பாவா?... இருந்துது.

இருந்துதுன்னா, இருந்துது... அது வந்து... பின்னாடி பொடி எழுத்துல ஃபிஷ் மீல்னு போட்டிருந்தான் மேவிஸ். மீன் பொடி! நீ சுத்த சைவ மீன்னு சொல்லித்தானே நான் ஆத்துக்குள்ள விட்டேன். இவர், 'மீனா, நம்மாத்துலயா?'ன்னு குதிச்சார். நான்தான், 'அதுக பாசி மட்டும் சாப்பிடற ஜாதி, நம்மளை விட ஆசாரம், வெங்காயம் பூண்டுகூடத் தொடாது'ன்னு சொல்லி சமாளிச்சேன். அப்படிப்பட்டதுகளுக்கு நவராத்திரியும் அதுவுமா நானே மீன் பொடியைப் போட்டா நன்னாவா இருக்கும்?... நீ தலைல அடிச்சுக்கறது இங்க கேக்கறது.

தூக்கிப் போடலை. வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல வச்சேன்... இல்லை... பூனை... மூணாவது மாடிக்கு வர பூனையும் இருக்கே! மூடியையே கடிச்சுத் திறந்துடுத்து. டப்பா இருக்கு, அலம்பி வச்சிருக்கேன்...

வயிறா? யார் வயிறு?... இரு, போய்ப் பாக்கறேன். கார்ட்லெஸ்தான், சொல்லிண்டே வா... கண்ணாடில ஒட்டிண்டிருக்கும்போது அடிப்பக்கத்தைப் பாக்கணுமா... உருண்டையா, வெள்ளையா இருக்கணும்... சரி... ஒண்ணையும் காணுமே. இந்த லைட்டு வேற கண்ணைக் குத்தறது... இதோ, கட்டைக்கு அடில ரெண்டு. கல்லுக்குப் பின்னாடி மூணு. எல்லாம் ஒளிஞ்சுண்டிருக்கு... இதோ ஒண்ணு கண்ணாடிக்கு வந்திருக்கு. அரை விரல் நீளம்தான் இருக்கு பாவம், பக்கவாட்டுல அந்தக் கறுப்புக் கோடு... இரு, முட்டி போட்டுண்டு பாக்கறேன்...

மேவிஸ்.

வயிறு உள்ள போயிருக்குடி. குழி விழுந்திருக்கு.

நான் இத்தனை நாளும் மேலேர்ந்துதான் பார்த்தேன். எனக்கென்ன தெரியும், அடில பாக்கணும்னு... அஞ்சு நாளா வரவா போறவாளுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு சுண்டல் குடுத்தேன். குல்கர்ணி ஆத்துல எட்டுப் பேர் வந்தா, போதும் போதும்னு சொல்லச் சொல்ல பொட்டலம் கட்டிக் குடுத்தேன். அதுக்கு நடுவுல இதுக ஆறும் பட்டினி கிடந்திருக்கு. எனக்கு என்னமோ பண்றது மேவிஸ்.

அழறியா?... ஏய், அழாதே. நீ அழுதா நானும் அழுவேன்... நார்மன்கிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதே. ஊருக்கு வந்ததும் நானே பக்குவமா... பக்கத்துலயா?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? எப்பலேர்ந்து?... பிரியாணிலேர்ந்தா!

நமஸ்காரம் நார்மன் சார்... ஆமா சார்... இல்ல சார்... தெரியும் சார், பத்து வாங்கினதுல நாலு முதல் மாசமே போயிடுத்து, இந்த ஆறைத்தான் ஒரு வருஷமாக் காப்பாத்திண்டு வரேள், தினம் காலைல எண்ணிப் பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவேள்... தெரியும் சார். அதுனாலதானே எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு... சொல்லுங்கோ, நான் என்ன பண்ணணும்? பயாலஜி வாத்தியார் நீங்க சொல்றதை அப்படியே பண்றேன்.

வெள்ளரிக்காயா? இந்த ஊர் காக்டி இருந்துது சார். காலைலதான் கோசுமல்லி பண்ணிட்டேன். உப்பு, எலுமிச்சம்பழம், கடுகு பச்சைமிளகா தாளிச்சு... அதைக் கழுவிப் போட்டா?... வேண்டாம், சரி, வேண்டாம்... பாலக் கீரை இருக்கு. நாளைக்குக் கூட்டுக்கு வாங்கி வச்சேன்... பாலக் ஆகுமா? அப்பாடா! இதோ, ஃப்ரிட்ஜைத் திறந்துட்டேன்... நன்னா அலம்பணும்... ஆச்சு. நாலு இலை போறுமா?... ரெண்டே போறுமா? ஆறு பேருக்கு ரெண்டு இலையா! என்ன சார் கணக்கு இது, பரிமாறறவளுக்குக் கை வருமா... சரி, ரெண்டு.

கொதிக்கற தண்ணில ஒரு நிமிஷம்... வச்சுட்டேன்... ஆமா, கொதி வந்துடுத்து... உப்பு போடக் கூடாதா?

போட்டுட்டேனே சார்.

கை தானாப் போயிடுத்து. இருபது வருஷப் பழக்கம்... கொட்டறேன், கொட்டறேன்... ஒரு சிட்டிகை மஞ்சப்பொடியும் போட்டுட்டேன், அதுவும் சேந்து போகட்டும்... வேற தண்ணி வச்சாச்சு. இந்தத் தரம் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிண்டு நிக்கறேன். போன் தோள்ல இருக்கு... பெருங்காயமா? இல்ல சார், பெருங்காய டப்பா பக்கமே போகலை. மேவிஸ் சிரிக்கறாளா? சிரிக்கட்டும், அழாம இருந்தாச் சரி...

அது மிதக்கக் கூடாதா? அடில கிடக்கணும்... கனமா எதையாவது வச்சுக் கட்டணுமா... இருங்கோ, தீர்த்தம் குடுக்கற உத்தரணி இருக்கு. பூஜைல இருந்து எடுக்கறேன், அது நல்ல கனம்... என்ன சார்? ஏன் அலறேள்?... செம்புதான். அசல் செம்பு, எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது... மீனுக்கு விஷமா!... கீழ வச்சுட்டேன். புண்ணியத்துக்கு வச்சிருக்கறதாச்சேன்னு எடுத்தா... எவர்சில்வர் ஸ்பூன் ஆகுமோன்னோ? சரி. நூலால ரெண்டு சுத்து... கட்டியாச்சு. ஆற விட்டிருக்கேன்.

லைட்டையா?... சீரியல் செட்டையா அணைக்கணும்?

இல்ல சார், அது வந்து... வெளிச்சத்துக்குப் பயந்துதான் ஒளிஞ்சுண்டிருக்கா?... தொட்டியையே மூடணுமா? துணி போட்டா?... தெப்பக்குளத்தை மூடிட்டு நான் எதை சார் காட்டுவேன்? மணி அஞ்சே முக்கால். இன்னும் கால் மணில ஜட்ஜ் வந்துடுவா... அதான் கேக்கறேன், அவா வந்து பாத்துட்டுப் போனதும் இருட்டு பண்ணிடட்டுமா? ஆறரைக்குள்ள போயிடுவா. அஞ்சு நாள் இருந்தது இன்னும் முக்கால் மணி இருக்காதா... தப்புதான். தப்புதான் சார், தெரியறது. ஆனா ரெண்டு வருஷமா சார்... ஆடி மாசத்துலேர்ந்து யோசிச்சு... சரி, நீங்களே சொல்லுங்கோ... திட்டணும்னா திட்டுங்கோ...

ஐயோ!

அது நழுவிடுத்து. கண்ணாடில இருந்துதே, அது... பிடிச்சுக்க முடியாம வழுக்கிண்டே கீழ போயிடுத்து. மணல்ல சாஞ்சாப்பல கிடக்கு... மூச்சு விடறது, விடறது, செவுள் அசையறது. ஆனா ஏந்துக்கலை.

போட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஏன்னா! ஏன்னா, இங்க வாங்கோ! அந்தப் பிளக்கைப் பிடுங்குங்கோ... சீரியல் செட்டு பிளக்கைத்தான்... மணி எனக்கும் தெரியும். பிடுங்குங்கோன்னா பிடுங்குங்கோ! ஹால் லைட்டையும் அணைச்சுடுங்கோ. ஜன்னல் ஸ்க்ரீனை இழுத்து விடுங்கோ... எனக்கு ஒண்ணும் ஆகலை, நன்னாத்தான் இருக்கேன்...

குத்துவிளக்கை மட்டும் அணைக்க மாட்டேன் சார். அது நவராத்திரி விளக்கு... அந்த வெளிச்சம் பரவாயில்லையா? நல்ல வேளை... தெப்பத்தை எடுக்கறேன். பெருமாளே, மன்னிச்சுக்கோ, உன்னைப் பாதி உற்சவத்துல கரை ஏத்தறேன். நீ கொஞ்சம் இந்தப் படில உக்காந்துக்கோ... போட்டுட்டேன் சார், கீரையைப் போட்டுட்டேன். அடில போய் உக்காந்துடுத்து. அந்தக் கீழ கிடக்கறதுக்குப் பக்கத்துலயே படறாப்பல போட்டேன்.

மூட என்ன துணி இருக்கு... கறுப்பா? கொலு மேல கறுப்பு போட மாட்டேன். இரு... இதோ இருக்கு... மேவிஸ், என்னோட அரக்குப் பட்டு. ஜட்ஜ் வரச்சே கட்டிக்கறதுக்குன்னு இஸ்திரி போட்டு வச்சது. நல்ல அடர்த்தி, வெளிச்சமே போகாது... இருக்கட்டும்டி, போனாப் போறது. நான் நைட்டிலதான் நிக்கறேன். அதுக்கென்ன இப்போ...

மூடியாச்சு. ஒரு ஓரத்துல மட்டும் தூக்கிப் பாத்துண்டிருக்கேன்... இல்லை... இன்னும் இல்லை... அப்படியே இருக்கு. கீரை பக்கம் யாரும் வரலை... எத்தனை நேரம் ஆகும் சார்?... சிலப்போ ராத்திரி பூராவுமா? சிலப்போ வாயே வைக்காதா?... அப்படிச் சொல்லாதேங்கோ. உப்பில்லாம பண்ணியிருக்கேனே, அதான் பிடிக்கலையோ என்னவோ... சரி, வாயை மூடிக்கறேன்.

...

காலிங் பெல்! வந்துட்டா. ஏன்னா, கதவைத் திறக்காதேங்கோ!... வராண்டா வெளிச்சம் அடிக்கும் உள்ள. அங்கயே நில்லுங்கோ, தாப்பாள்ல கை வைக்காதேங்கோ...

மேவிஸ்... மேவிஸ், ஒண்ணு வரது. கட்டைக்கு அடிலேர்ந்து... கீரைக்குப் பக்கத்துல வந்து நிக்கறது... சுத்தறது... போயிடுத்து. இல்ல, திரும்பி வரது... வாயை வச்சுடுத்து! மேவிஸ், வாயை வச்சுடுத்துடி! வால் எப்படி ஆடறது தெரியுமா... ரெண்டாவதும் வந்துடுத்து. அது பின்னாடியே மூணாவது... கத்தலை, நான் மெதுவாத்தான் பேசறேன்... நாலு... அது, கீழ விழுந்துதே, அது இன்னும் அங்கயே... அசையறது. நகர்றது. வா... வா கண்ணு, இதோ பக்கத்துலதான் இருக்கு, ரெண்டு அடி வச்சாப் போறும்... ஏறிடுத்து. இலை மேல ஏறி ஒட்டிண்டுடுத்து! நார்மன் சார், அஞ்சு ஆச்சு, ஆறாவதும் வரிசைல நிக்கறது!... அழலை. நான் எங்க அழறேன்? ஜலதோஷம்...

ஏன்னா, மறுபடியும் பெல் அடிக்க வேண்டாம்னு சொல்லுங்கோ. அந்த சத்தத்துக்கு ஒண்ணு திடுக்னு ஆடிப் போயிடுத்து... என்ன சொல்றா? மகர்பட்டாவுக்கு நேரமாறதாமா?... சரி, நானே வரேன். மேவிஸ், நான் வச்சுடறேன், அப்புறம் கூப்பிடு... இரு, இந்த இருட்டுல பட்டன் எங்க இருக்குன்னே தெரியலை...

மாமி, கதவுக்கு இந்தப் பக்கம் சாவித்ரி... இல்ல மாமி, இப்போ திறக்க முடியாது... கரண்ட் போகலை, நான்தான் அணைச்சேன்... தாராளமா மகர்பட்டா போயிட்டு வாங்கோ... வேண்டாம், மார்க் போடலைன்னா பரவாயில்லை... யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை மாமி. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கோ... உள்ள சாப்பிட்டுண்டிருக்கா.